கடலுக்கு அக்கரையில் ஒரு மலைப்பாதை: இராமநாதபுரம் கரையோர நண்பர் குழுக்களுக்கு இலங்கை மலையக ரயில் பயண வழிகாட்டி

இராமேசுவரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இலங்கையின் மலைநகரான நுவரெலியாவோ ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டு மலை ரயில் என்றதும் நம் பகுதி இளைஞர்களின் எண்ணம் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளை வரை செல்லும் சுமார் 290 கிலோமீட்டர் பாதை, ஐந்தாறு நாள் விடுப்பும் அளவான பணமும் உள்ள நான்கு நண்பர்களுக்கு மிகப் பொருத்தமானது. இப்பாதை கண்டியை 1867 இலும், நானுஓயாவை 1885 இலும், பதுளையை 1924 இலும் எட்டியது. தண்டவாளத்தின் அகலமும் நம் ஊர் அகலப்பாதையின் அகலமே.

பெரும்பாலானோர் கண்டியில் ஏறி எல்லவில் இறங்கும் ஏழு மணி நேர ஓட்டத்தோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. பாதையை நான்கு துண்டுகளாகப் பிரித்து, இடையிலுள்ள சிற்றூர்களில் இறங்கித் தங்கினால்தான் மலையும் அங்கு வாழும் மக்களும் கண்ணில் படுவார்கள். இந்த வழிகாட்டி அந்த முறையையே பின்பற்றுகிறது.

காலம்

மலையகத்தின் மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் வெவ்வேறு பருவமழையில் நனைகின்றன. மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கண்டி, அட்டன், நுவரெலியா பக்கத்தை நனைக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அப்புத்தளை, எல்ல, பதுளைப் பக்கம் மழை மிகுந்திருக்கும். இரு சரிவுகளும் ஒருசேரத் தெளிந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். ஆகவே தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் அந்த இரண்டு மாதங்களை விட்டுவிடாதீர்கள்.

நம் கரையில் எல்லோருக்கும் அந்த உரிமை இருப்பதில்லை. விசைப்படகுத் தொழிலில் உள்ள நண்பர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே ஓய்வுக்காலம். அவர்களும் சேரும் குழுவானால் ஏப்ரல் கடைசி வாரமோ மே முதல் பாதியோ ஏற்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கொழும்பு நகரமே நுவரெலியாவுக்கு வந்துவிட்டதுபோல் கூட்டம் இருக்கும், விடுதி வாடகையும் ஏறிவிடும். பௌத்தர்களின் பெருவிழாவான மே மாத வெசாக் பௌர்ணமி நாட்களிலும் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. இக்காலத்தில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கமாதலால் நடைப்பயணங்களைக் காலையில் முடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலின்போது மலையகத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளால் ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. நீங்கள் புறப்படும் வாரத்தில் எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்பதை இலங்கை ரயில்வேயின் அறிவிப்பில் பார்த்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். ஓடாத பகுதியைப் பேருந்தில் கடந்துகொள்ளலாம். மலையகத்தில் எல்லா நகரங்களுக்கும் பேருந்து உண்டு.

குழுவும் காகிதங்களும்

நான்கு பேர் என்பது நல்ல அளவு. இரண்டு அறைகள் போதும், ஒரே வேனில் பெட்டிகளோடு ஏறிவிடலாம், ரயிலிலும் அருகருகே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆறு பேருக்கு மேல் போனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு பொதுக்கூட்டமாகிவிடும். பொதுச்செலவுக்கு ஆளுக்கு ஒரே தொகையை முதலிலேயே ஒருவரிடம் கொடுத்து, அன்றைய கணக்கை அன்றிரவே எழுதி முடிப்பது நட்புக்கு நல்லது.

கடவுச்சீட்டு, பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதிக்கு அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் அமைக்கப்பட்டு கூடுதல் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் பல உண்டு. இந்தியர்களுக்கான கட்டணமும் சலுகைகளும் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் கரைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைதாகி விடுதலையானவர்களுக்கு இலங்கை நீதிமன்றங்கள் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிப்பது உண்டு. குழுவில் அப்படிப்பட்ட நண்பர் இருந்தால், முறையான அனுமதியோடு விமானத்தில் செல்வதாக இருந்தாலும், தீர்ப்பு நகலை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேட்ட பிறகே அவர் விண்ணப்பிக்க வேண்டும். விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

பணத்தைப் பொறுத்தவரை, கொஞ்சம் டாலரை மாற்றிக்கொண்டு மீதிக்கு வங்கி அட்டையை நம்பலாம். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ வசதி இருக்கிறது, ஆனால் மலையகத்தின் சிறு கடைகளிலும் ஆட்டோக்களிலும் ரொக்கம்தான் செல்லும். நேரம் இரு நாடுகளிலும் ஒன்றே என்பதால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

உடைகளில் கம்பளிச் சட்டை கட்டாயம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்ந்த நமக்கு, நுவரெலியாவின் இரவு பத்து டிகிரிக்கு இறங்கும்போது போர்வை மட்டும் போதாது. மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி, தலைவலி மாத்திரை, வளைவுகளில் குமட்டுபவர்களுக்கான மாத்திரை, காட்டுப்பாதையில் அட்டை கடித்தால் போட உப்பு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலைக் கடப்பது

மிக எளிய வழி மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம்தான். இராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட சாலைப் பயணம். வானில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. கப்பலில் செல்பவர்கள் யாழ்ப்பாணத்தில் வடக்குப் பாதை ரயிலைப் பிடித்து, பொல்காவலைச் சந்திப்பில் மாறி, கண்டிக்குப் போகலாம்; இதற்குக் கூடுதலாக இரண்டு நாள் வேண்டும். நேரமிருப்பவர்களுக்கு நான் இவ்வழியையே பரிந்துரைப்பேன்.

கப்பலும் ரயிலுமாக இலங்கைக்குப் போவது நம்மூர் முதியவர்களுக்குப் புதிய செய்தியல்ல. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், அக்கரையிலிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயிலுமாக அமைந்த வழி அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்ட நிலையில், தலைமன்னார்க் கப்பலும் திரும்ப வேண்டும் என்று நம் கரையில் பலரும் ஆசைப்படுகிறார்கள். அதுவரை சுற்றுவழிதான்.

பயணச்சீட்டு

மலைப்பாதை ரயில்களில் முன்பதிவு இருக்கைகளுக்கான விற்பனை ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். இலங்கை ரயில்வேயின் இணையதளத்தில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து வாங்கலாம். சுற்றுலாக் காலத்தில் கண்டி முதல் எல்ல வரையிலான முழுத்தூரச் சீட்டுகள் மிக விரைவில் தீர்ந்துவிடும். பயணத்தைத் துண்டுகளாக்குவதன் நடைமுறைப் பயன் இங்கே தெரியும். நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரை போன்ற குறுந்தூரங்களுக்கு, முன்பதிவு கிடைக்காவிட்டாலும், அன்றன்று நிலையத்தில் வாங்கும் பதிவற்ற சீட்டில் நெருக்கியடித்தாவது போய்ச் சேரலாம். ஏழு மணி நேரம் நிற்பது வேறு, இரண்டு மணி நேரம் நிற்பது வேறு. ஒரே சீட்டில் இடையில் இறங்கித் தங்கிவிட்டுத் தொடர முடியாது என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். இறங்கும் நிலையத்தில் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், ஆகவே வழியில் தொலைத்துவிடக் கூடாது.

வகுப்பைத் தேர்வதில் பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பில் சன்னல் திறக்காது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மலையைப் பார்ப்பதில் என்ன நிறைவு இருக்கிறது? இரண்டாம் வகுப்பு முன்பதிவுப் பெட்டியே நண்பர்களுக்கு ஏற்றது. ஈரக்காற்று முகத்தில் படும். வடை விற்பவரின் குரல் கேட்கும். ரயில் நிற்கும் சிறு நிலையங்களில் சன்னல் வழியாகவே பலாச்சுளையும் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டும் வாங்கலாம்.

கதவில் தொங்கிப் படம் எடுக்கும் வழக்கம் இப்பாதையில் வேரூன்றியிருக்கிறது. சுரங்கச் சுவரும் பாறையும் மரக்கிளையும் பெட்டியை ஒட்டியே வருகின்றன, உயிரிழந்தவர்களும் உண்டு. குழுவில் எவராவது தொங்கினால், தயங்காமல் உள்ளே இழுத்து உட்காரவையுங்கள்.

முதல் துண்டு: கண்டி வரை

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குள் போகாமல் வேனிலோ பேருந்திலோ நேராகக் கண்டிக்குப் போய்விடலாம். ஆனால் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் சென்றால், இரம்புக்கனைக்குப் பின் கடுகண்ணாவ ஏற்றத்தைக் காணலாம். சமவெளி சட்டென்று கீழே விழுந்து, பாறையைக் குடைந்த வழியில் ரயில் ஊர்ந்து ஏறும் இடம் அது; வலப்பக்கச் சன்னல் நல்லது.

கண்டியில் ஓர் இரவு போதும். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடையில் போக வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்கே அவமதிப்பாகக் கருதுவார்கள். இந்நகரை ஆண்ட கடைசி அரச மரபினர் தென்னிந்திய நாயக்கர் வழியினர் என்பதும், 1815 இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட கடைசி மன்னர் வேலூரில் சிறைவைக்கப்பட்டு அங்கேயே இறந்தார் என்பதும் நமக்கு நினைவிருக்க வேண்டிய செய்திகள்.

இரண்டாம் துண்டு: கண்டியிலிருந்து நானுஓயா

கண்டி நிலையத்துக்குள் வந்து போகும் ரயில்கள் அங்கே திசைமாறிப் புறப்படும். கொழும்பிலிருந்து முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் இனி பின்பக்கம் பார்த்துப் போவார்கள், பதற வேண்டாம். சில ரயில்கள் கண்டிக்கு வராமல் பேராதனைச் சந்திப்பிலிருந்தே பதுளைப் பக்கம் போய்விடும் என்பதால், ஏறும் நிலையம் எது என்பதைச் சீட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் தேயிலை தொடங்கிவிடும். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம் வரும். தலவாக்கலையை நெருங்கும்போது செயின்ட் கிளேயர் அருவி தெரியும். டிசம்பர் முதல் மே வரையிலான காலத்தில் சென்றால், ஒருநாள் கூட்டி அட்டனில் இறங்கி, நல்லதண்ணி வரை பேருந்தில் போய், 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலையில் இரவில் ஏறலாம். உச்சியிலுள்ள அடிச்சுவட்டைச் சிவனுடையது என்று இந்துக்களும், புத்தருடையது என்று பௌத்தர்களும், பாவா ஆதமுடையது என்று முஸ்லிம்களும் வணங்கி மதிக்கிறார்கள். கீழக்கரை, பாம்பன், இராமேசுவரம் என்று கலந்து அமைந்த நம் நண்பர் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான மலை வேறில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

ரயில் நிலையப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். அட்டனிலிருந்து பதுளை வரை, கடைவீதியிலும் பேருந்திலும் பெரும்பாலும் தமிழே போதும். ரயிலைக் ‘கோச்சி’ என்று சொல்லும் இந்த மலையகத் தமிழ் மக்களின் பாட்டன் பூட்டன்மார், மதுரை, திருச்சி, சேலம், நம் சேதுச்சீமை ஆகிய பகுதிகளிலிருந்து போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தபோது வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். முதலில் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்த பின் தேயிலைக்கு மாறினார்கள். இந்த ரயில் பாதையே தோட்ட விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டதுதான். பிற்காலத்தில் தோட்டங்களுக்குச் சென்றவர்களை நம் மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோய்ப் பரிசோதனை செய்தே அனுப்பினார்கள். 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபோது, திரும்பியவர்கள் வந்திறங்கியதும் இராமேசுவரம் கரையில்தான். மண்டபத்தைக் கடந்து தினமும் போய்வரும் நாம், இந்தச் சங்கிலியின் மறுமுனையைப் பார்க்கப் போகிறோம் என்பதை அறிந்தே போக வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் எடைக்கணக்கில் உழைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளர்கள். “அக்கா, எந்த ஊர் பூர்வீகம்?” என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், வேலை ஓய்ந்த நேரமென்றால் நெடுநேரம் பேசுவார்கள்.

நானுஓயாவில் இறங்கி, சுமார் எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நுவரெலியாவுக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ செல்ல வேண்டும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் ஏரியும் அஞ்சலகக் கட்டடமும் சந்தையும் பார்க்கத்தக்கவை. இராமாயணத்தோடு இணைத்துப் பேசப்படும் சீதா எலிய அம்மன் கோவில் அக்கல பூங்காவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சேதுக்கரையிலிருந்து போகிறவர்கள் அதைத் தவறவிட மாட்டார்கள்.

மூன்றாம் துண்டு: நானுஓயாவிலிருந்து அப்புத்தளை

முழுப்பாதையிலும் எனக்கு மிகப் பிடித்த துண்டு இதுதான். தேயிலை மறைந்து புல்வெளியும் காடும் தொடங்கும், அம்பேவெலவில் மாட்டுப்பண்ணை, பிறகு 1,891 மீட்டர் உயரத்தில், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல. அதைக் கடந்து ஒரு சுரங்கத்துக்குள் நுழையும் ரயில், மறுபுறம் வெளிவரும்போது வானிலையே மாறியிருப்பது உண்டு, ஏனெனில் அந்த மேடுதான் இரு பருவமழைகளின் எல்லை. ஒஹியவுக்குப் பின் வலப்பக்கத்தில் நிலம் தெற்கே சரிந்து, வானம் தெளிந்த நாளில் மிகத் தொலைவுவரை சமவெளி தெரியும். இதல்கசின்ன நிலையத்தில் இருபுறமும் பள்ளத்தாக்கு. இந்த இரண்டு மணி நேரமும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அப்புத்தளை மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கடைவீதி நகரம். தங்குவதற்கு எல்லவைவிட இதையே பரிந்துரைக்கிறேன்: வாடகை குறைவு, சத்தம் குறைவு, ஊர் தன் இயல்பில் இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்கள் ஏறும் பேருந்தில் தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து லிப்டன் இருக்கை எனப்படும் முனைக்கு ஆட்டோவில் ஏறி, இறங்கும்போது ஏழு கிலோமீட்டர் தோட்டப் பாதையில் நடந்து வாருங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும் என்பதால் தூக்கத்தைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும், இரவில் கொத்து ரொட்டியும் எங்கும் கிடைக்கும். ஹலால் உணவகங்களும் உண்டு. கடைகளில் தொதல் என்னும் இனிப்பு கண்ணில் பட்டால் வாங்கி, நம் கீழக்கரைத் தொதலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அத்தனை பழைய வணிக உறவு அது.

கடைசித் துண்டு: பதுளை வரை

அப்புத்தளையிலிருந்து தியத்தலாவை, பண்டாரவளை வழியாக எல்ல. அங்கிருந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தே போகலாம். உருக்குத் தூண் இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட, ஏறத்தாழ 24 மீட்டர் உயரமான பாலம். ரயில் கடக்கும் நேரத்தை நிலையத்தில் கேட்டுக்கொண்டு, தண்டவாளத்தில் நிற்காமல் மேட்டிலிருந்து பாருங்கள்.

பெரும்பாலான பயணிகள் எல்லவோடு நின்றுவிடுகிறார்கள், நீங்கள் நிற்காதீர்கள். அடுத்துள்ள தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கிறது. நேராக இறங்கினால் சரிவு ரயிலுக்குத் தாங்காது என்பதால், சுற்றி வரச்செய்து நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். இந்தப் பொறியியல் திறனைக் காண்பதற்காகவே பதுளை வரை போகலாம்.

திரும்புதல்

இப்பாதையில் ரயில் தாமதமாவது இயல்பு. ஆகவே மலையிலிருந்து இறங்கும் நாளிலேயே விமானச்சீட்டு எடுக்கக் கூடாது. பதுளையிலிருந்து இரவு ரயிலிலோ, பண்டாரவளையிலிருந்து பேருந்திலோ கொழும்புக்கு வந்து, கடைசி இரவை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் கழியுங்கள். காலையில் அங்குள்ள மீன்சந்தைக்குப் போனால் வலையும் கருவாடும் நம் ஊர் போலவே இருப்பதைக் காணலாம்.

நண்பர்களுக்குக் கொடுக்கத் தேயிலை வாங்கினால் தொழிற்சாலைக் கடையிலேயே வாங்குவது மேல். சங்கு, பவளம், கடல் அட்டை போன்ற எதையும் எந்தத் திசையிலும் எடுத்துச் செல்லாதீர்கள். தங்கக் கடத்தல் காரணமாக நம் கரையைச் சேர்ந்த பயணிகளைச் சுங்கத்தில் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள் என்பதால், புறப்படும்போதே நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். விமான நிலையத்தில் யாராவது, “தம்பி, இந்தப் பொட்டலத்தை மதுரையில் எங்கள் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்டால், எவ்வளவு தெரிந்த முகமாக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குழுவில் ஒருவரே வைத்திருங்கள்.